பிரான்ஸில் நான் ஊற்றிய ஒரு பாட்டில் தண்ணீர்

பெண் கொடுக்கப் போகிற வீட்டை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளைக்கு நாகலாபுரம் என்றால் காலையில் பஸ் ஏறி, மாட்டுத் தொழுவத்தையும் மாமியார் வாயையும் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். மாப்பிள்ளை பிரான்ஸ் நாட்டில் இருந்தால் தாய்மாமன் என்ன செய்வான்? விமானம் ஏறினேன். யூரோ நோட்டு புதுசாக வந்து மடிப்புக் கலையாமல் இருந்த காலம் அது.

கோவில்பட்டியில் எனக்கு மைக் செட் தொழில். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊரைத் தூங்கவிடாமல் செய்வது என் பிழைப்பு. பெண், என் அக்காள் மகள் கோமதி. இடைசெவலில் வீடு, கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஜாதகம் பொருந்தி, போட்டோ பிடித்து, இரண்டு வீட்டுக்கும் சம்மதமாகி, நான் போய்ப் பார்த்துச் சரி என்று சொல்வதுதான் பாக்கி.

அக்காள் ஒரு தாளில் பதினோரு கேள்வி எழுதிக் கொடுத்திருந்தாள். பையன் குடிப்பானா, வெள்ளைக்காரி சகவாசம் உண்டா, சாமி கும்பிடுவானா, வீட்டில் தண்ணீர் தினமும் வருமா என்கிற ரீதியில் போகும். கரிசல்காட்டுக்காரி, பிரான்ஸாக இருந்தாலும் தண்ணீர்க் கேள்வியை விடமாட்டாள். கோமதி எதுவும் எழுதவில்லை. நான் கிளம்புகிற அன்று பெட்டியை பஸ் வரைக்கும் தூக்கிவந்து கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"மாமா, அவியளுக்குக் கோவம் வந்தா எப்படி இருக்காவன்னு மட்டும் பாத்துட்டு வாங்க. வேற எது எப்படி இருந்தாலும் நான் சமாளிச்சுக்கிடுவேன்."

அவள் அப்பா, அதாவது என் மச்சான், இறந்து நாலு வருடமாகிறது. செத்தவரைப் பற்றிக் குறை பேசக்கூடாது என்பார்கள். நான் பேசுவேன். அந்த மனுஷன் கோபம் வந்தால் கையில் இருப்பதை எறிவார். தட்டு, செம்பு, ரேடியோ, ஒரு தடவை எரிகிற அரிக்கேன் விளக்கு. அக்காளுக்கு அவரைப் பேசியபோது நிலம் எத்தனை குறுக்கம், கிணற்றில் ஊற்று எத்தனை என்றெல்லாம் விசாரித்தோம். ஆள் எப்படி என்று ஒருத்தரும் விசாரிக்கவில்லை. அன்றைக்குப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன், வடை நன்றாயிருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வெட்கம் எனக்கு இன்றும் உண்டு.

பாரிஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அதன் பெயரை நான் சொன்னால் அந்த ஊர்க்காரர்களுக்கே புரியவில்லை, ஆகவே விட்டுவிடுகிறேன். மாப்பிள்ளையின் அப்பா பெருமாள்சாமிக்குப் பூர்வீகம் எங்கள் பக்கத்தில் எப்போதும்வென்றான் என்கிற ஊர். பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்துக்குச் சமையல் செய்யப் போய், அவர்கள் ஊர் திரும்பும்போது கூடவே வந்து, முப்பது வருடமாகிவிட்டது. பேச்சில் மட்டும் எப்போதும்வென்றானை விட்டு ஒரு அடி நகரவில்லை.

"வாங்க அண்ணாச்சி. பிளேன்ல சோறு போட்டானா, இல்ல படம் காட்டிட்டானா?"

மாப்பிள்ளை பெயர் ஜெகன். ஒரே பையன். அந்த ஊர் நகராட்சியில் மின்சாரப் பிரிவில் வேலை. தெருவிளக்கு, திருவிழா விளக்கு, மேடைக்குக் கரண்டு எல்லாம் அவன் பொறுப்பு. என்னை அனுப்பியதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு பேரும் ஒயர் சுற்றிப் பிழைக்கிறவர்கள், ஒருத்தனை ஒருத்தன் சீக்கிரம் அளந்துவிடலாம் என்று அக்காள் கணக்குப் போட்டாள்.

முதல் நாள் காலையில் ரொட்டி வந்தது. எங்கள் ஊரில் ரொட்டி என்பது காய்ச்சல்காரன் சாப்பாடு. யாராவது கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு போனால் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்போம். இங்கே திடகாத்திரமான ஆட்கள் உலக்கை நீளத்துக்கு ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருவில் நடக்கிறார்கள். கடித்தால் முதலில் பல் ஆடியது, பிறகு பழகிவிட்டது. பெருமாள்சாமி அதைப் பிய்த்து முந்தினநாள் மீன் குழம்பில் ஊறவைத்துச் சாப்பிட்டார். நானும் அப்படியே செய்தேன். அதைவிட நல்ல காலைச் சாப்பாட்டை நான் வெளிநாட்டில் சாப்பிட்டதில்லை, வேறு வெளிநாட்டுக்கு நான் போனதும் இல்லை.

அக்காளின் பதினோரு கேள்விக்கும் இரண்டே நாளில் பதில் கிடைத்துவிட்டது. தண்ணீர் குழாயைத் திருகினால் சுடுதண்ணியே வருகிறது. கோமதியின் கேள்விதான் நகரவில்லை. பையன் கோபப்படுகிற வழியாக இல்லை. சிரிக்கிறான், தட்டைக் கழுவுகிறான், 'மாமா, கால் வலிக்குதா' என்கிறான். கோபம் தானாக வராவிட்டால் நாமாக வரவழைக்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

அவன் செய்தி பார்க்கும்போது குறுக்கே உட்கார்ந்து மேஜையில் தாளம் போட்டேன். அவன் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டான். கார் ஓட்டும்போது, "இது என்ன மாப்ளே, தீப்பெட்டிக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருக்கு" என்றேன். "ஆமா மாமா, நிறுத்த எடம் கிடைக்கும்ல" என்றான். ஃபிரிட்ஜில் இருந்த பாலாடைக் கட்டி ஒன்று நீலமாகப் பூஞ்சை பூத்துக் கிடந்தது. இதை நான் நிஜமாகவே கெட்டுப்போனது என்று நினைத்துக் குப்பையில் போட்டேன். அது பூஞ்சைக்காகவே காசு கொடுத்து வாங்குவதாம். ஜெகன் குப்பைத் தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். "பரவால்ல மாமா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மூன்றாம் நாள் நான் தனியாகப் பாரிஸ் பார்த்துவிட்டு ரயிலில் திரும்பினேன். நம்முடைய ஸ்டேஷன் வந்ததும் எழுந்து கதவருகே பவ்யமாக நின்றேன். கதவு திறக்கவில்லை. ரயில் கிளம்பிவிட்டது. அடுத்த ஸ்டேஷனிலும் நின்றேன், அங்கேயும் திறக்கவில்லை. கதவில் ஒரு பொத்தான் இருக்கிறது, இறங்குகிறவன் அதை அமுக்க வேண்டுமாம். கதவே இல்லாத பஸ்ஸில் வளர்ந்தவனுக்கு இது எப்படித் தெரியும்? நாலாவது ஸ்டேஷனில் ஒரு அம்மாள் அமுக்கினாள், பின்னாலேயே குதித்தேன். பெருமாள்சாமி ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருந்த வீட்டு ஃபோன் நம்பரை ஸ்டேஷன் ஆளிடம் நீட்டி, வீட்டுக்குச் சொல்லவைத்தேன். வேலை முடிந்து வந்த ஜெகன் சாப்பிடாமல் அப்படியே காரை எடுத்துக்கொண்டு வந்தான். இப்போதாவது வரும் என்று காத்திருந்தேன். "இந்த ஊரையும் பாத்தாச்சுல்ல மாமா" என்றான்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. கோபமே இல்லாத மனுஷன் உலகத்தில் கிடையாது. வெளியே தெரியவில்லை என்றால் உள்ளே எங்கோ சேர்த்து வைக்கிறான் என்று அர்த்தம். மச்சானும் பெண் பார்க்க வந்தபோது இப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத் தெருமுனைக் கூண்டிலிருந்து இடைசெவலுக்கு ஃபோன் செய்தேன். "தங்கமான பையன்டி கோமதி" என்றேன்.

"அதை நான் கேக்கலயே மாமா."

"கோவமே வரலட்டி. நானும் என்னென்னமோ செஞ்சு பாக்குதேன்."

"அப்ப இன்னும் பாக்கலன்னு சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள். கணக்கு டீச்சர்கள் எல்லாருமே இப்படித்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை கச்சேரி. அந்த ஊர் நகராட்சி கோடையில் ஆற்றங்கரை மைதானத்தில் நடத்துவது. டிக்கெட் கிடையாது. தாத்தா காலத்துப் பாட்டில் ஆரம்பித்துப் பேத்தி காலத்துப் பாட்டுவரை, ஜனங்கள் வாயில் நிற்கிற பிரெஞ்சுப் பாட்டுகளாகப் பொறுக்கி, பத்து வருடத்துப் பாட்டுக்கு ஒரு பாடகர் என்று வரிசையாக மேடை ஏற்றுகிறார்கள். மேடைக்குக் கரண்டு ஜெகன் பொறுப்பு. நான் மைக் செட்காரன் என்பதால் என் கழுத்திலும் ஒரு அட்டையை மாட்டி, மேடைக்குப் பின்னால் போய்வர அனுமதி வாங்கிக் கொடுத்தான். அந்த அட்டைதான் வினை.

மத்தியானமே போய்ச் சுற்றிப் பார்த்தேன். குழாயே கிடையாது. பெட்டி பெட்டியாக ஸ்பீக்கரை ஒன்றின் கீழ் ஒன்றாகத் திராட்சைக் குலை மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள். மரத்தில் ஏறிக் கட்ட ஆள் தேட வேண்டாம், மரத்துக்காரன் சண்டைக்கு வரமாட்டான். ஒயர்களுக்குமேல் ரப்பர்ப் பாலம் போட்டு, ஜனங்கள் கால் தடுக்காமல் நடக்க வழி செய்திருந்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. பொறாமையாகவும் இருந்தது.

ஆறு மணிக்கு மேயரம்மா மேடையேறினார். இரண்டு நிமிடம் பேசினார், இறங்கிவிட்டார். மாலை இல்லை, பொன்னாடை இல்லை, அவர்களே இவர்களே இல்லை. எங்கள் ஊரில் இரண்டு நிமிடத்தில் 'ஹலோ மைக் டெஸ்டிங்'கூட முடியாது.

ஜனங்கள் புல்லில் துணி விரித்து, ரொட்டியும் ஒயினுமாகக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் ஒரு கிழவரும் கிழவியும். முதல் பாட்டு வந்ததும் அந்த அம்மாள் கிழவரைக் காட்டிப் பெருமாள்சாமியிடம் ஏதோ சொன்னாள். அவர் எனக்கு மொழிபெயர்த்தார்: "இந்தப் பாட்டுக்கு ஆடும்போதுதான் இந்தாளு மொத மொத என் கால மிதிச்சாரு. இன்னும் ஆடத் தெரியலன்னு சொல்லுதாவ."

எங்கள் பக்கத்துக் கொடையில் இன்னிசைக் கச்சேரி என்றால் பழைய பாட்டுக்கு இளவட்டம் விசிலடித்துக் கூச்சல் போடும், புதுப் பாட்டுக்குப் பெரியவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போவார்கள். நடுவில் மைக் செட்காரன்தான் திட்டு வாங்குவான். இங்கே தலைமுடிக்குப் பச்சைச் சாயம் பூசிய பிள்ளைகள் ஐம்பது வருடத்துப் பாட்டை வரி விடாமல் பாடுகின்றன. பெருமாள்சாமியும் பாடினார். பிரெஞ்சுப் பாட்டை எப்போதும்வென்றான் ராகத்தில் கேட்கிற பாக்கியம் உலகத்தில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும் என்று தெரியவில்லை. அவர் மனைவி தாயம்மாள் கட்டிக்கொண்டு வந்திருந்த புளியோதரையை நான் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தேன். மணி ஒன்பதாகியும் வெயில் போகவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. பாட்டுக்கு அடியில் கொர்ரென்று ஒரு இரைச்சல். மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. என் காது முப்பது வருடமாக அந்தச் சத்தத்தோடு சண்டை போட்ட காது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கரிசல் மண் கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துப் போகும். அதில் எர்த் கம்பி அடிப்பதும் அடிக்காததும் ஒன்றுதான். மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது, எர்த் பிடிக்காவிட்டால் குழாயில் இரைச்சல் வரும். அதனால் எங்கள் பக்கத்து மைக் செட்காரன் ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு குடம் உப்புத் தண்ணீர் வைத்திருப்பான். இரைச்சல் கேட்டால் கம்பியடியில் ஊற்ற வேண்டியது, நின்றுவிடும். யோசித்துச் செய்கிற வேலை இல்லை, கை தானாகப் போகும்.

என் கையும் தானாகப் போனது. அட்டையை ஆட்டிக் காட்டிவிட்டு மேடைக்குப் பின்னால் போனேன். அந்த வருடம் அங்கேயும் நல்ல வெயில், மண் கட்டாந்தரையாகக் கிடந்தது. கம்பி ஒன்று அடித்திருந்தது. பார்த்தேன், உப்பு எங்கும் இல்லை. கையிலிருந்த பெரிய பாட்டில் தண்ணீரை அப்படியே கம்பியடியில் கவிழ்த்தேன். எங்கள் மண் என்றால் ஒரே மூச்சில் குடித்திருக்கும். அந்த மண் குடிக்கவில்லை. தண்ணீர் சரிவில் ஓடி, ஒரு முழம் தள்ளித் தரையில் கிடந்த ஒயர் இணைப்புக்குள் புகுந்தது.

டப்பென்றது. கச்சேரி ஊமையாகிவிட்டது.

எங்கள் ஊரில் கரண்டு போனால் முதலில் காற்றில் பறப்பது மைக் செட்காரனின் அம்மா பெயர். நான் குனிந்துகொண்டேன். ஆனால் அங்கே வேறு நடந்தது. மேடையில் பாடிக்கொண்டிருந்த அம்மாள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வெறுங்குரலில் தொடர்ந்து பாடினாள். முன்வரிசை சேர்ந்துகொண்டது, பிறகு மைதானம் முழுவதும் சேர்ந்துகொண்டது. என் தொழிலே தேவையில்லை என்று அத்தனை ஆயிரம் பேர் எனக்கு எடுத்துச் சொன்ன மாதிரி இருந்தது.

ஜெகன் தோளில் ஒரு சுருள் ஒயரோடு ஓடிவந்தான். ஈரத்தைப் பார்த்தான். என் கையில் காலி பாட்டிலைப் பார்த்தான். நான் ஐந்து நாளாகத் தேடியது அவன் முகத்தில் வந்தது.

"மாமா, தண்ணி ஊத்துனீங்களா?"

"இரைச்சல் வந்துச்சு மாப்ளே. எர்த்து காஞ்சு போச்சுன்னு..."

"அந்தப் பொண்ணு அங்க உக்காந்திருக்கு, தெரியலையா உங்களுக்கு?" என்று கத்தினான். இணைப்புக்கு அந்தப் பக்கம், பெட்டியில் சாய்ந்து செருப்பில்லாமல் மேடை வேலைக்கு வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். "டிரிப் ஆகிக் கரண்டு தானா நிக்கலன்னா அவ செத்திருப்பா. நீங்களும் செத்திருப்பீங்க. முப்பது வருஷம் இந்த வேலை பாத்தவர்தான நீங்க? இரைச்சல் வந்தா என்கிட்ட வந்து சொல்லணும். கைய வைக்கக் கூடாது."

தோளில் இருந்த ஒயர்ச் சுருள் தரைக்கு வந்தது. நாலைந்து வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? கரிசல் மண், வெடிப்பு, உப்புத் தண்ணீர் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். மூச்சு வாங்கிக்கொண்டே நின்று முழுவதும் கேட்டான். கேட்டு முடித்து, "அது அங்க. இது இங்க. தள்ளி நில்லுங்க" என்றான். குனிந்து சுருளை எடுத்தான், நனைந்த ஒயரைக் கழற்றினான், புதுசை மாட்டினான். அவனுடைய மேலதிகாரி வந்து கேட்டபோது என்னைக் கைகாட்டித்தான் பதில் சொன்னான். என் அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். நான் போய்க் கிழவர் கிழவி பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் சத்தம் திரும்பியது. அந்த இரைச்சலும் கூடவே திரும்பியது. அது ஏதோ ஒரு கிட்டார் பெட்டியின் கோளாறாம்.

மறுநாள் காலையில் சாப்பாட்டு மேஜையில் ஜெகன் உர்ரென்று இருந்தான். பெருமாள்சாமி சமாதானம் செய்யப் பார்த்தார்: "விடுலே, பெரிய மனுஷன், தெரியாம செஞ்சுட்டாவ."

"எனக்கு இன்னும் கோவம் போகலப்பா" என்றான். சொல்லிவிட்டு ஜாம் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினான்.

ஞாயிற்றுக்கிழமை, கோமதி வீட்டில் இருப்பாள். ஃபோன் கார்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எந்த எண்ணை முதலில் அமுக்குவது என்று எனக்கு எப்போதும் குழப்பம், அதனால் கோபத்தோடு கோபமாக ஜெகனும் கூட வந்தான். நடக்கும்போது எனக்கு ஒரு சபலம். நல்ல இடம், நல்ல குடும்பம். சத்தம் போட்டதை மறைத்து, கொஞ்சம் முகம் சுளித்தான் என்று சொன்னால் காரியம் முடிந்துவிடும். அக்காள் விஷயத்தில் வடையை மட்டும் சொன்னேன். இந்தத் தடவை அப்படிச் செய்ய மனசு வரவில்லை. பாட்டில் தண்ணீர் முதல் ஜாம் பாட்டில்வரை நடந்ததை அப்படியே சொன்னேன். கத்தினான் என்பதையும், இப்போது கூண்டு வாசலில் நிற்கிறான் என்பதையும் சொன்னேன்.

கோமதி கேட்டாள். "ஒயரைக் கீழ போட்டாவளா, எறிஞ்சாவளா?"

கண்ணை மூடி இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன். "போட்டாரு. காலடியிலதான் விழுந்துச்சு. அவரே குனிஞ்சு எடுத்தாரு."

"நீங்க பதில் பேசுனீங்களா?"

"பேசுனேன். நின்னு கேட்டாரு. கேட்டுட்டுத் தள்ளி நில்லுங்கன்னாரு."

"எதுக்குக் கோவம்னு சொன்னாவளா?"

"சொன்னாரே. ஒரு பொண்ணு செத்திருக்கும்னு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"எங்கப்பாவுக்கு எதுக்குக் கோவம்னு கடைசி வரைக்கும் எங்க யாருக்கும் தெரியாது மாமா. நான் கேட்டுக் கேட்டுப் பாத்திருக்கேன்" என்றாள். "ஃபோனை அவியகிட்ட குடுங்க."

ரிசீவரை ஜெகனிடம் நீட்டினேன். அவன் அதை வாங்கி, இடது கையால் தலைமுடியைச் சரி செய்துகொண்டு, ஏதோ ஆபீசில் பேசுகிற மாதிரி "வணக்கம்" என்றான், மக்குப் பயல். கூண்டின் கதவைச் சாத்திவிட்டு நான் வெளியே வந்து நின்றுகொண்டேன்.